இரண்டு அரைப் பேணிகளும் ஒரு தும்மலும்

எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்கள் என்னைப் பற்றிச் சொல்லிச் சிரிக்க ஒரு கதை வைத்திருந்தார்கள். றெஜினா வெடிமருந்துப் பேணியோடு பேசுவாள் என்பதுதான் அது. உண்மைதான். அலுமாரியிலிருந்து ஒரு தகரப் பேணியை எடுத்தால் அதன் முழுப்பெயரையும் எண்ணையும் சத்தமாகச் சொல்லுவேன். திருப்பி வைக்கும்போதும் சொல்லுவேன். பக்கத்தில் காக்காய் குருவி இல்லாவிட்டாலும் சொல்லுவேன்.

போன மாதம் என்னை வழியனுப்பக் கேக் வெட்டினார்கள். இப்போது கடையை நடத்தும் யூலியா கேட்டாள்: "இப்போதுதான் ஒவ்வொரு பேணியிலும் கோட்டுச்சீட்டு இருக்கிறதே. கருவியைக் காட்டினால் பீப் என்று சொல்லிவிடும். பிறகு எதற்கு இந்தச் செபம்?" அவளுக்கு ஜேர்மன் மொழியில் பதில் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அந்தக் கதையின் உறைப்பு ஜேர்மன் மொழியில் பாதிதான் வரும். முழு உறைப்போடு இங்கே எழுதுகிறேன்.

நான் துவக்குத் திருத்துபவள். துப்பாக்கியை எங்கள் பக்கத்தில் துவக்கு என்போம். வுப்பர்டாலில் ஆற்றோரமாக இருந்த ஒரு துவக்குக் கடையில்தான் என் வேலைக்காலம் முழுவதும் போனது. மன்னாரிலிருந்து நானும் என் மனுசன் செபமாலையும் வந்து சேர்ந்தது எண்பத்து நாலில். முதலில் அந்தக் கடைக்குக் கூட்டித் துடைக்கப் போனேன். பின்னறையில் துவக்குக்குத் தோல்வார் தைக்கும் மெசின் ஒன்று பழுதாகிக் கிடந்தது. என் அப்பா ஊரில் தையல் மெசின் திருத்துகிறவர். கை சும்மா இருக்கவில்லை, பிரித்துப் பூட்டிவிட்டேன். கடைக்காரர் ஹெர் டீக்மான் துரு ஏறிய ஒரு துவக்கின் விசைப்பகுதியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அதையும் பிரித்துப் பூட்டினேன். எங்கள் அன்ட்ராக்கை, அதுதான் அகதி விண்ணப்பத்தை, அரசாங்கம் ஏற்றுக்கொண்டதும் என்னை அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியில் சேர்த்துவிட்டார். முன்பின் துவக்குத் தொட்டதுண்டா என்று பொலிஸ்காரர் விசாரித்தார். கண்டால் ஓடித்தான் பழக்கம் என்றேன். அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

எங்கள் ஆட்கள்தான் சிரித்தார்கள். கோயிலில் பூசை முடிந்ததும் ஒரு அக்கா எல்லாருக்கும் கேட்கச் சொன்னா: "துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி வந்தவள், இப்ப துவக்குக் கடையிலை நிண்டு எண்ணெய் போடுறாளாம். இதுக்கு மன்னாரிலையே இருந்திருக்கலாம்." நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன். அடுத்த நாள் வேலைக்குப் போய்விட்டேன்.

தொழில் கற்றுத்தருபவரை அங்கே மைஸ்டர் என்பார்கள். மைஸ்டர் டீக்மான் உயரமானவர், மெலிந்தவர், பேச்சில் சிக்கனமானவர். சில வாடிக்கையாளர்களுக்கு அவரே கையால் தோட்டா நிரப்பிக் கொடுப்பார். சுட்டு முடிந்த வெற்றுக் கோதைத் துப்புரவாக்கி, புதிய மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை அழுத்துவது. அந்த மருந்தை ஜேர்மன்காரர் புல்வர் என்பார்கள். தூள். ஆனால் எல்லாத் தூளும் ஒரே தூள் இல்லை. கைத்துவக்கின் குட்டித் தோட்டாவுக்குப் போடுவது விறுக்கென்று எரியும். நீளத் துவக்கின் பெரிய தோட்டாவுக்குப் போடுவது நிதானமாக எரிந்து குண்டைத் தள்ளிக்கொண்டு போகும். நிதானமானதைக் கூடுதலாகப் போடவேண்டும். விறுக்கானது ஒரு சிட்டிகை போதும். பார்வைக்கு இரண்டும் சாம்பல் நிறப் பொடிக்குச்சிகள்தான். எனக்கு ஞாபகத்தில் நிற்கட்டும் என்று உடனே எரிகிறதுக்கு மாமி என்றும் மெதுவாகச் சூடேறுகிறதுக்கு மாமா என்றும் பெயர் வைத்தேன். மைஸ்டர் கேட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"எங்கள் மொழியில் மாமா என்றாலும் அம்மா, மாமி என்றாலும் அம்மா. நீ இரண்டு பேணிக்கும் ஒரே பெயரை வைத்திருக்கிறாய். வேண்டாம்."

அவருடைய முறை இதுதான். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பேணி. அது தராசுக்கு இடப்பக்கம், சீட்டு உன்னைப் பார்த்தபடி. எடுத்தவர் பெயரையும் எண்ணையும் உரக்கச் சொல்லவேண்டும், மற்றவர் திருப்பிச் சொல்லவேண்டும். வேலை முடிந்ததும் மிச்சம் அதே பேணிக்குள் போகும். புனலைத் தூரிகையால் தட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பெயரைச் சொல்லிப் பேணியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிய பிறகுதான் அடுத்தது வெளியே வரும். வெறுமனே புல்வர் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "எந்தப் புல்வர்? மா பொங்க வைக்கிற புல்வரா, சட்டி தேய்க்கிற புல்வரா?" என்பார். நெருப்பென்றால் வாய் வெந்துவிடாது என்பார்கள் எங்கள் ஊரில். மைஸ்டரைக் கேட்டால் வெந்துவிடும் என்றுதான் சொல்லியிருப்பார்.

இனி என் மனுசன். செபமாலை ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் கடையைக் கூட்டித் துடைக்கவும் வருவார். நல்ல மனுசன், வாய் அதிராதவர், ஒரேயொரு பலவீனம் உண்டு. அரைவாசியாக இருக்கிற இரண்டு போத்தல்களைக் கண்டால் அவருக்குக் கை துருதுருக்கும். ஒன்றை மற்றதற்குள் கொட்டி, வெறும் போத்தலைக் கழுவி வெயிலில் கவிழ்த்தால்தான் நித்திரை வரும். எங்கள் குசினியில் ஜாம் போத்தலில் மல்லி, வெள்ளரிக்காய்ப் போத்தலில் பருப்பு, கோப்பிப் பேணியில் பனங்கட்டி. ஜேர்மன்காரர் குப்பையில் போடும் பேணிகளைப் பார்த்து அவர் பெருமூச்சு விடுவதை நான் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஜேர்மன்காரர் கையால் எழுதும் ஒன்று எங்கள் கண்ணுக்கு ஏழு. கீழிருந்து நீளமாக ஒரு கோடு ஏற்றி, பிறகு நேரே இறக்குவார்கள். அவர்களுடைய ஏழுக்கு நடுவில் குறுக்குக்கோடு இருக்கும். வந்த புதிதில் இது யாருக்குத் தெரியும்? ஒரு கந்தோரில் ஒரு மணிக்கு வரச்சொல்லி எழுதிக்கொடுத்த டெர்மினுக்கு, அதாவது சந்திப்புக்கு, செபமாலை காலை ஏழு மணிக்கே போய்ப் பூட்டிய கதவுக்கு வெளியில் நின்றார். பனியில் மூக்கு நாவல்பழம் மாதிரி ஆகிவிட்டது.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். எண்பத்தெட்டு, வசந்தகாலம். நான் தொழிற்பள்ளிக்குப் போயிருந்தேன். கடையில் மைஸ்டர் மருந்து அலுமாரியைத் திறந்து இருப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பேணியை மேசையில் வைத்துவிட்டு மற்றதைக் கையில் எடுத்த நேரம் தொலைபேசி அடித்தது. மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது, ஒன்றல்ல, இரட்டை. அந்த நீள மனிதர் வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு பேணிகளை ஒன்றாக மேசையில் வைத்தார். கோட்டைத் தலைகீழாக மாட்டினார். வாசலில் நின்று, பின்னறைத் தொட்டிக்கருகே சிதறிக் கிடந்த சட்டி தேய்க்கிற தூள் பெட்டிகளைக் கையால் காட்டி, செபமாலையிடம் ஒரு வசனம் சொன்னார்.

"ஹெர் செபா, புல்வரை ஒன்றாக வைத்துவிடுங்கள்."

எந்தப் புல்வர் என்று சொல்லவில்லை. மற்றவர்களிடம் ஒரு நாளும் விட்டுக்கொடுக்காத கேள்வியை அன்றைக்கு அவரே மறந்து ஓடிவிட்டார்.

செபமாலை தொட்டிக்கருகில் இருந்ததை அடுக்கினார். பிறகு மேசையைப் பார்த்தார். இரண்டு அரைப் பேணிகள். மூடிகளில் மைஸ்டர் பென்சிலால் எழுதிய எண்கள். இரண்டும் ஏழு. இதைவிட வேறென்ன வேண்டும் அந்த மனுசனுக்கு?

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. மைஸ்டர் இரவு முழுவதும் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, இரண்டு பேரப்பிள்ளைகளின் சந்தோசத்தில் நேரே கடைக்கு வந்திருக்கிறார். வாடிக்கையாளர் ஃப்ரௌ றூட்டருக்கு ஞாயிறு சூட்டுப் போட்டிக்கான தோட்டாக்களை நிரப்பவேண்டியிருந்தது. நீளத் துவக்கின் பேணி மேசையில் நின்றது. மற்றதை அலுமாரியில் வைத்துவிட்டேன் போல என்று நினைத்துக்கொண்டார். பெயரைச் சொன்னார், நிறுத்தார், நிரப்பினார். சீட்டில் இருந்த பெயர் சரிதான். உள்ளே இருந்ததுதான் வேறு.

ஃப்ரௌ றூட்டர் எங்கள் தெருமுனையில் பேக்கரி வைத்திருந்தவர். ஐம்பது வயது, உருண்டைத் தேகம், பெரிய சிரிப்பு. நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில் பாணுக்குப் பெயர் தெரியாமல் நான் விரலால் காட்டியபோது, கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் வந்து ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்லித் தந்தவர். இனிப்புப் பாண் மாவை அவர் பின்னுவதைப் பார்க்கவேண்டும். தலை பின்னுவதுபோல, ஆனால் பத்து மடங்கு வேகம். அந்தக் கைகளை நம்பித்தான் அவருடைய பேக்கரி, வீடு, வாழ்க்கை எல்லாம்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து சமைக்கத் தொடங்கினேன். மன்னாரிலிருந்து மாமி அனுப்பிய மிளகாய்த்தூள் யாரோ ஒருவருடைய பெட்டிக்குள் ஒளிந்து எங்களிடம் வந்து சேர்ந்திருந்தது. அதை எடுக்கப் போனால் பழைய போத்தலைக் காணவில்லை. செபமாலை ஒரு புதிய பேணியை நீட்டினார்.

"இஞ்சாரும், இதுக்கை போட்டு வைச்சிருக்கிறன். மூடி என்ன இறுக்கம் எண்டு பாரும்."

பார்த்தேன். எனக்கு அந்த மூடி தெரியும். "இது எங்காலை வந்தது?"

"கடையிலைதான். ரெண்டு அரைப் பேணி கிடந்தது. ரெண்டும் ஏழு. ஒண்டாக்கச் சொல்லி மைஸ்டர்தான் சொன்னவர். ஒண்டுக்கை ஒண்டைக் கொட்டிப்போட்டு வெறும் பேணியைக் கொண்டு வந்தன். உள்ளுக்கை மூண்டு தரம் கழுவினனான்."

"ஐயோ, இது ஏழில்லை. ஒண்டு."

அவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டெர்மினுக்குப் போன நாள் அவருடைய முகத்தில் தெரிந்தது. "ஒண்டெண்டால் இப்ப என்ன செய்யும்?"

"சின்னத் தோட்டாவின்ரை மருந்தை நீளத் துவக்கின்ரை மருந்துக்குள்ளை கொட்டியிருக்கிறியள். மைஸ்டர் அதிலைதான் ஃப்ரௌ றூட்டருக்கு நிரப்பியிருப்பார். மத்தியானத்துக்குப் பிறகு போட்டி. துவக்கு அவவின்ரை கையிலையே வெடிக்கும். கை போகும், கண் போகும்."

அடுப்பை அணைத்தேன். எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. தெருமுனைக் கூண்டிலிருந்து மைஸ்டர் வீட்டுக்கு எடுத்தேன். அடித்தது, அடித்தது, ஒருவரும் இல்லை. எல்லாரும் இரட்டைப் பிள்ளைகளைப் பார்க்கப் போயிருப்பார்கள். சூட்டுக்கூடத்தின் எண் எனக்குத் தெரியாது. நேரே போவதுதான் வழி. பதற்றத்தில் என் ஜேர்மன் சிதறிவிடும் என்று தெரியும், ஆகவே காட்டுவதற்குப் பேணியையும் கொண்டுபோகவேண்டும். தூளைக் கொட்டச் சொன்னேன்.

"அம்மா வறுத்து இடிச்ச தூள். கொட்ட ஏலாது," என்று பேணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். உடனே ஒரு தும்மல். முகம் மாறியது. "ஒற்றைத் தும்மல், சகுனம் சரியில்லை. இருந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போவமே?"

"நடவுங்கோ."

தொங்கு ரயில் ஆற்றுக்கு மேலே ஆடி ஆடித்தான் போகும். எங்களுக்குப் பழக்கம். ஆனால் செபமாலை மூடியைச் சரியாக அழுத்தவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பேணியிலிருந்து ஒரு மெல்லிய சிவப்புப் புகை. முதலில் எதிரே இருந்த தொப்பிக்காரக் கிழவர் தும்மினார். பக்கத்தில் இருந்த பெண் மரியாதையாகக் கெசுண்ட்ஹைட் என்றாள், ஆரோக்கியமாக இருங்கள் என்று. சொன்னவள் தும்மினாள். அவளுக்கு இன்னொருவர் சொன்னார். அவரும் தும்மினார். ஞாயிற்றுக்கிழமை உடுப்புப் போட்ட சனம், பெட்டி முழுக்க ஒருவரை ஒருவர் வாழ்த்திக்கொண்டு தும்மியது. எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் தும்மினால் நூறு என்போம், நூறு வயது இரு என்று. அடுத்த தும்மலுக்கு இருநூறு. செபமாலை பயத்தில் வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு வந்தார். "தொளாயிரம்... ஆயிரம்... ஆயிரத்தொரு நூறு..." எனக்குச் சிரிப்பு வெடித்தது. ஒரு மனுசியின் கைகள் போகப்போகின்றன, நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன். கண்ணில் தண்ணீர். எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

இறங்கியதும் மலைப்படிகள். வுப்பர்டாலில் எங்கே போனாலும் படிகள்தான். மேலே ஏறும்போதே சூட்டுச் சத்தம் கேட்கத் தொடங்கியது. ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் ஜெபம் சொன்னேன்.

சூட்டுக்கூடம் நீளமான ஒரு பலகைக் கொட்டகை. உள்ளே வரிசையாகத் தடுப்புகள், ஒவ்வொன்றிலும் ஒருவர். எல்லார் காதிலும் தடித்த காதடைப்பு. மூன்றாவது தடுப்பில் ஃப்ரௌ றூட்டரின் உருண்டை முதுகு. பெண்கள் சுற்று அப்போதுதான் தொடங்கப்போகிறது. அவர் தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டைச் சாத்தினார். நான் கத்தினேன். காதடைப்புக்கு வெளியே நின்று கத்தி என்ன பயன்? அதுவும் பதற்றத்தில் தமிழில் கத்தினேன். "சுடாதேங்கோ, சுடாதேங்கோ."

எனக்குப் பின்னால் ஓடிவந்த செபமாலைக்கு வாசலின் உயர்ந்த படி தெரியவில்லை. கால் தட்டியது. மனுசன் ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம். மாமி வறுத்து இடித்த தூள் முழுவதும் மேலே போனது. கொட்டகையில் புகையைக் கலைக்கப் பெரிய காற்றாடி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அது மிச்ச வேலையைப் பார்த்தது.

மேற்பார்வையாளர் நிறுத்துங்கள் என்று சொல்ல வாயைத் திறந்து தும்மினார். முதலாம் தடுப்பு தும்மியது. இரண்டாம் தடுப்பு தும்மியது. தும்மல் வருகிற ஒருவராலும் குறிபார்க்க முடியாது. ஃப்ரௌ றூட்டர் முகத்தைச் சுளித்தார், பூட்டைத் திறந்தார், துவக்கை மேசையில் வைத்தார், பிறகுதான் தும்மினார். அந்த ஒழுங்குக்காகவே அவரை முத்தமிடலாம். காதடைப்பைக் கழற்றி, கண்ணீர் வழியச் சிரித்தபடி எல்லாருக்கும் பொதுவாகக் கெசுண்ட்ஹைட் என்றார்.

நான் வெறும் பேணியைத் தூக்கிப் பிடித்து, "புல்வர், புல்வர்," என்றேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. இத்தனை சிவப்புத் தூளுக்கு நடுவில் அது யாருக்கு விளங்கும்? அப்போதுதான் மைஸ்டரின் முறை நாக்குக்கு வந்தது. பேணியின் சீட்டைப் பார்த்து அதன் முழுப்பெயரையும் எண்ணையும் உரக்க வாசித்தேன். "இது உங்கள் தோட்டாவுக்குள் இருக்கிறது. உங்கள் மருந்தோடு கலந்து."

பேக்கரிக்காரிக்கு ஒரு தூளுக்குப் பதில் இன்னொரு தூள் விழுந்தால் என்ன ஆகும் என்று தெரியும். சிரிப்பு நின்றது. துவக்கிலிருந்து தோட்டாவை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் விரித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கொட்டகையே தும்மிக்கொண்டிருக்க அவர் மட்டும் அப்படி நின்றார்.

திங்கட்கிழமை மைஸ்டர் கடைக்கதவைத் திறக்கவில்லை. செபமாலையையும் என்னையும் உள்ளே கூப்பிட்டு மேசைக்கு அந்தப் பக்கம் இருத்தினார். ஃப்ரௌ றூட்டரின் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மருந்தை வெவ்வேறு வெள்ளைத் தாளில் கொட்டி, பூதக்கண்ணாடியை எங்களிடம் தந்தார். ஒரு தாளில் நீளக்குச்சிதான் கூட. இன்னொன்றில் பாதிக்குப் பாதி. மற்றொன்றில் கிட்டத்தட்ட முழுவதும் குட்டைக்குச்சி. பொடிசு அடியில் இறங்கிவிடும், அதனால் ஒரு தோட்டாவைப்போல இன்னொன்று இல்லை.

"வேகம் பாதி, நிதானம் பாதி சேர்ந்தால் நடுத்தரம் வராது," என்றார் மைஸ்டர். "இது மருந்தே இல்லை. இது என்ன செய்யும் என்று எனக்கும் தெரியாது, செய்த தொழிற்சாலைக்கும் தெரியாது. முதல் சில தோட்டாக்கள் நன்றாகவே சுட்டிருக்கும். அதை நம்பித்தான் அடுத்ததைப் போட்டிருப்பார்."

செபமாலை என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "சுளகிலை போட்டுப் புடைச்சால் பிரியாதோ?" மொழிபெயர்த்தேன். மைஸ்டர் அதையும் மரியாதையாகத்தான் எடுத்துக்கொண்டார். "ஒரு குச்சி தப்பி நின்றாலும் பிரித்தோம் என்று எப்படிச் சொல்வது? கலந்தது கலந்ததுதான்." முழுப் பேணியையும் அழிக்க அனுப்பினார்.

வேலை போகும் என்று காத்திருந்தோம். செபமாலை வீட்டிலிருந்தே நல்ல சேர்ட் போட்டுக்கொண்டு வந்திருந்தார், துரத்தப்படும்போது மரியாதையாக இருக்கட்டும் என்று. மைஸ்டர் அவர் பக்கம் திரும்பினார்.

"ஹெர் செபா, நான் வெறுமனே புல்வர் என்றேன். அலுமாரியைத் திறந்து விட்டுப் போனவனும் நான்தான்." பென்சிலை எடுத்து ஒரு தாளைத் தள்ளினார். "உங்கள் ஊரில் ஒன்றை எப்படி எழுதுவீர்கள்?"

செபமாலை ஒரு நேர்கோடு கீறினார். அவ்வளவுதான்.

அறுபதை நெருங்கிய அந்த மனிதர் உட்கார்ந்து அதைப் பார்த்துப் பார்த்து எழுதினார். அலுமாரியில் இருந்த எல்லா மூடிகளின் எண்களையும் அழித்துப் புதிதாக எழுதினார். கடையை விட்டுப் போகும்வரை அவருடைய ஒன்று வெறும் கோடுதான். அவருடைய மனைவி ஆயிரம் தடவை கேலி செய்தும் மாற்றவில்லை.

அன்று பின்னேரம் ஃப்ரௌ றூட்டர் சுடச்சுடப் பின்னிய பாணோடு கடைக்கு வந்தார். பாணை வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் செபமாலைக்கு முன்னால் மேசையில் விரித்தார். எண்ணுங்கள் என்றார். செபமாலை வெட்கத்தில் நெளிந்தார். பிறகு ஒவ்வொரு விரலாகத் தொட்டார்.

"ஒண்டு, ரெண்டு, மூண்டு..."

பத்து வந்ததும் இருவரும் சிரித்த சிரிப்பில் மைஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வசந்தகாலத்திலும் அது நடந்தது. பாண் வரும், கைகள் விரியும், செபமாலை எண்ணுவார்.

இப்போது மைஸ்டர் இல்லை. ஃப்ரௌ றூட்டர் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். எண்பத்தைந்து தாண்டிவிட்டது. பெயர்கள் எல்லாம் போய்விட்டன, என்னை வேலைக்கு வந்த நேர்ஸ் என்று நினைக்கிறார். ஓய்வு பெற்ற கையோடு இருவரும் பார்க்கப் போனோம். இந்த முறை பாணை நான் சுட்டேன், பின்னல் கோணல்மாணலாக. செபமாலை அவருக்கு முன்னால் உட்கார்ந்தார். அவர் யாரென்று தெரியாமலே ஃப்ரௌ றூட்டர் இரண்டு கைகளையும் மேசையில் விரித்தார்.

செபமாலை எண்ணினார். பத்தாவது விரலைத் தொட்ட நேரம் ஃப்ரௌ றூட்டர் தும்மினார். ஒற்றைத் தும்மல்.

கெசுண்ட்ஹைட் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் என் மனுசன் அந்தக் கையை விடாமல் சொன்னார்:

"நூறு."